கபடி கேப்டன் பொறுப்பு எப்படி இயங்குகிறது? கல்யாணச் சமையற்கட்டு சொல்லும் பதில்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் காவிரி டெல்டா ஊர்களின் முச்சந்திகளில் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' என்று தட்டிகள் எழும்பிவிடும். மன்னார்குடி, ஒரத்தநாடு, நீடாமங்கலம், பாபநாசம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஊர்ப் பெயரை முதுகில் எழுதிய பனியனோடு ஒரு அணி இருக்கும். அந்த அணிக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு கேப்டன் இருப்பான். பெரும்பாலும் ஊரிலேயே நன்றாக ரெய்டு போகிறவன் அவன்தான். அதனால்தான் கேப்டன்.

அவன் அணி தோற்கும் ஆட்டங்களைக் கொஞ்சம் கவனித்தால் ஒரே கதை திரும்பத் திரும்ப நடப்பது தெரியும். முதல் பத்து நிமிடம் எல்லா ரெய்டும் அவனே போவான். புள்ளியும் வரும். பிறகு மூச்சு இறைக்கும். எதிரணி அவன் கால் வைக்கும் விதத்தைப் படித்துவிடும். பிடிபட்டு வெளியே போய் உட்காருவான். உள்ளே இருக்கும் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அடுத்து யார் போவது என்று யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் ஏழு பேரும் வெளியே, ஆல் அவுட்.

"பொறுப்பைப் பகிர்ந்துக்கடா தம்பி" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் முப்பது நொடி ரெய்டுக்கு நடுவே பொறுப்பைப் பகிர்வது என்றால் என்ன செய்வது, யாரிடம் எதைக் கொடுப்பது, எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது என்று யாரும் பிரித்துக் காட்டுவதில்லை. அதைப் பிரித்துப் பார்க்க நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் இருக்கிறது: கல்யாணச் சமையற்கட்டு.

முதலில் சமையற்கட்டுக்குள் போவோம்

ஐநூறு இலை போடும் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலமே வேலை தொடங்கிவிடும். உக்கிராணத்தில் சாமான் பட்டியலோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் அவர் கணக்கில்தான் உள்ளே வரும், வெளியே போகும். காய் நறுக்க நாலைந்து பேர். தேங்காய் துருவ இரண்டு பேர். இனிப்புக்கும் காரத்துக்கும் சரக்கு மாஸ்டர். கோட்டை அடுப்பில் சோறு வடிப்பவர் தனி, கூட்டு பொரியல் பார்ப்பவர் தனி. விடிந்தால் வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுபவர்கள்.

இவர்கள் நடுவே தலைமைச் சமையல்காரர் நடந்துகொண்டே இருப்பார். முக்கால்வாசி நேரம் அவர் கையில் கரண்டி இருக்காது. ஓர் அடுப்பில் விறகை இழுத்து விடச் சொல்வார். மறு அடுப்பில் புளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்வார். சாம்பார் கூட்டுவது போல ஒன்றிரண்டு வேலையை மட்டும் தானே செய்வார்.

எல்லாவற்றையும் அவரே செய்தால் என்ன ஆகும்? சோற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வடிக்கிற பதம் சில நிமிடங்களுக்குத்தான் இருக்கும். ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினால் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிய வேண்டும். அப்போதே வடித்துவிட வேண்டும், வடித்த பிறகும் தன் சூட்டில் சோறு வேகும் என்பதால். அந்த நேரத்தில் தலைமைச் சமையல்காரர் தானே பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தால் ஐநூறு பேருக்கான சோறு குழைந்துவிடும். இன்னொன்று: கொதிக்கும் அண்டாவை உலகத்திலேயே பெரிய சமையல்காரராலும் தனியாக இறக்க முடியாது. இரண்டு காதுகளிலும் கம்பு கொடுத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்கினால்தான் இறங்கும்.

இதை அப்படியே களத்தில் பொருத்துவோம். தலைமைச் சமையல்காரர்தான் கேப்டன். அடுப்புகள் களத்தில் நிற்கும் ஏழு இடங்கள். உக்கிராணம் வெளியே காத்திருக்கும் ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள். பந்தி நேரம் என்பது ஆட்டக் கடிகாரம்: ஆண்கள் பிரிவில் பாதிக்கு 20 நிமிடம், பெண்கள் பிரிவில் 15 நிமிடம்.

ஏழு அடுப்பு, ஏழு வேலை

கபடியில் ஏழு பேரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இரண்டு ஓரங்களிலும் கார்னர்கள். ரெய்டரின் கணுக்காலையும் தொடையையும் பிடிப்பது அவர்கள் வேலை. அவர்களை அடுத்து 'இன்' என்று சொல்லப்படும் இடங்களில் இருவர், பிறகு கவர்கள் இருவர், நடுவில் சென்டர். கவர்கள் ஓடிவந்து ரெய்டரை இடித்து வெளியே தள்ளுவார்கள், அல்லது நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைப்பார்கள். ரெய்டர்கள் பெரும்பாலும் இன் இடங்களிலும் சென்டரிலும் நிற்பார்கள்.

இளம் கேப்டன் செய்யும் முதல் தவறு, "எல்லாரும் நல்லா ஆடுங்கடா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் களமிறங்குவது. சமையற்கட்டில் யாரும் "எல்லாரும் நல்லா சமைங்க" என்று சொல்வதில்லை. "சோறு உங்க பொறுப்பு, ரசம் உங்க பொறுப்பு" என்று ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். அணிக்கும் அதுதான் முறை. இடப்பக்கத் தடுப்பு இவர், வலப்பக்கம் அவர். முதல் ரெய்டர் நான், இரண்டாவது ரெய்டர் இன்னார். மூன்றாவது ரெய்டு, அதாவது புள்ளியே வராத இரண்டு எம்டி ரெய்டுக்குப் பிறகு கட்டாயம் புள்ளி எடுத்தாக வேண்டிய 'டூ ஆர் டை', யார் போவது? இதையும் ஆட்டத்துக்கு முன்பே பெயர் சொல்லி முடிவு செய்ய வேண்டும். டூ ஆர் டை ரெய்டுக்கென்றே ஓர் ஆளைத் தயார் செய்து வைக்கும் அணிகள் புரோ கபடி லீக்கில் உண்டு.

யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்ய ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் ஒரே அளவு தண்ணீர் வைத்தால் ஒன்று குழையும், மற்றொன்று விரைத்து நிற்கும். நெல் விளையும் ஊரில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அணியிலும் அப்படித்தான். ஒருவன் ஆட்டம் தொடங்கியதுமே பாயத் துடிப்பான், அவனை முதல் சில ரெய்டுகளுக்குப் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவன் பத்து நிமிடம் ஆன பிறகுதான் உடம்பு சூடேறி முழு ஆட்டத்துக்கு வருவான். முதல் ரெய்டிலேயே பிடி விட்டான் என்று அவனைத் திட்டினால் அன்றைய ஆட்டம் முழுக்க அவன் கை வராது.

உப்புக்கு ஒரு கை

பொறுப்பைப் பகிர்வதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. எல்லோரும் எல்லா முடிவையும் சேர்ந்து எடுப்பது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சமையற்கட்டில் உப்புக்கு ஒரே கைதான். இரண்டு பேர் போட்டால், முதல் ஆள் போட்டது தெரியாமல் இரண்டாவது ஆளும் போட்டு அண்டா முழுக்கக் கரிக்கும். யாருமே போடாமல் போவதும் இப்படித்தான். ஒருவர் போட்டிருப்பார் என்று இன்னொருவர் நம்பி விட்டிருப்பார்.

களத்தில் இந்த உப்பு, தடுப்பில் 'எப்போது பாய்வது' என்ற முடிவு. ரெய்டர் உள்ளே வந்து காலை நீட்டுகிறார். இடது கார்னர் கணுக்காலைப் பிடிக்கப் பாய்கிறார். அதே நேரம் வலது கவரும் தன் கணக்கில் பாய்கிறார். இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதி, ரெய்டர் இரண்டு பேரையும் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். இது நம் ஊர்ப் போட்டிகளில் அடிக்கடி நடப்பது. இருவரும் திறமைசாலிகள்தான். உப்பு போடும் கை எது என்று முடிவாகவில்லை, அவ்வளவுதான் குறை.

அதனால் கேப்டன் ரெய்டராக இருந்தால், தடுப்பின் முடிவை ஒரு தடுப்பாட்டக்காரரிடம் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். அவர் கார்னராகவோ கவராகவோ இருக்கலாம். அவர் 'போ' என்றால் எல்லோரும் போவார்கள், 'நில்' என்றால் கேப்டனும் நிற்பார். பாதிப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, நடுவே "அவனைப் பிடிடா" என்று கேப்டனும் கத்தினால் உப்பு இரண்டு கைக்குப் போய்விடுகிறது.

கேப்டன் கையில் மிஞ்சுவது என்ன? ரெய்டர்களின் வரிசை, டைம் அவுட் கேட்பது, முன்னிலையில் இருக்கும்போது ஆட்டத்தின் வேகத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்ற முடிவு, நடுவரிடம் மரியாதையாகப் பேசுவது. ஒரு மனிதருக்கு இதுவே நிறைய.

மூடியைத் திறந்துகொண்டே இருந்தால் வேகாது

கொடுத்த பொறுப்பை நடுவில் பிடுங்காமல் இருப்பது கொடுப்பதைவிடக் கடினம். அதற்கு ஒரு ரெய்டைப் பக்கத்தில் நின்று பார்ப்போம்.

எதிரணி ரெய்டர் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுகிறார். இடது கார்னரும் இடது இன்னும் கை கோத்திருக்கிறார்கள். வலப்பக்கமும் அப்படியே. இந்தக் கோப்பு வெறும் தோரணை கிடையாது. கண் முழுக்க ரெய்டரின் இடுப்பில் இருக்கும், பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை. செய்தி எல்லாம் கை வழியாகத்தான் போகும். ரெய்டர் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் உள்ள பாக் கோட்டைக் கடக்கிறார். இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் இருந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிக் கால் ஊன்றி மறு காலைத் தூக்கியதும் ஒரு புள்ளி. அவர் காலை நீட்டும்போது உடம்பின் எடை பின்காலில் இருக்கும். அந்த நொடியில் பாய்ந்தால் அவர் காலை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். எடை முன்காலுக்கு மாறும் வரை பொறுக்க வேண்டும். மாறியதும் கார்னர், கோத்த கையை ஒரு அழுத்து அழுத்துகிறார். அடுத்த கணம் கார்னர் கணுக்காலில், இன் இடுப்பில், எதிர்ப்பக்கத்துக் கவர் திரும்பும் வழியில். ரெய்டர் பிடிபடுகிறார்.

இந்த அழுத்தத்துக்காகக் காத்திருக்க முடியாமல் முந்திப் பாய்வதை 'அட்வான்ஸ் டேக்கிள்' என்பார்கள். ஊர் அணிகளில் இதை அதிகம் செய்பவர் பெரும்பாலும் கேப்டன்தான். அவருக்குப் பயம் இல்லை. அடுத்தவர் பிடிப்பார் என்ற நம்பிக்கைதான் இல்லை. சோற்றுப் பானையின் மூடியை நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் ஆவி போய்க்கொண்டே இருக்கும், வேக நேரமாகும். வேகவில்லையே என்று மறுபடியும் திறந்து பார்க்கத் தோன்றும். நம்பாததால் தாமதம், தாமதத்தால் மேலும் நம்பிக்கையின்மை. இந்தச் சுழலை நிறுத்த ஒரே வழி, பொறுப்பு கொடுத்தவரை அந்தப் பாதி முழுக்க அதைச் செய்ய விடுவதுதான். சரியா தவறா என்று இடைவேளையில் பேசலாம்.

"ஒரு கை கொடுங்க"

அண்டாவை இறக்கும் நேரத்தில் தலைமைச் சமையல்காரர் "ஒரு கை கொடுங்கப்பா" என்று குரல் கொடுப்பார். அதனால் அவர் மரியாதை குறைந்ததாக எந்தக் கல்யாணத்திலும் யாரும் நினைத்ததில்லை. ஆனால் பத்தொன்பது வயதுக் கேப்டனுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது. கேட்டால் 'இவனுக்கு முடியல' என்று மைதானத்தைச் சுற்றி நிற்கும் ஊர் பேசிவிடும் என்று கூசுவான்.

கபடியின் விதிகளோ கேப்டன் உதவி கேட்பார் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பாதியிலும் ஒவ்வோர் அணிக்கும் 30 நொடி டைம் அவுட் இரண்டு உண்டு. அதைக் கேப்டன் மட்டும்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. பயிற்சியாளரோ களத்தில் ஆடும் எவருமோ நடுவரிடம் கேட்கலாம். கேப்டன் மூச்சு வாங்கித் தடுமாறுவதை முதலில் பார்ப்பவர் பக்கத்தில் நிற்பவர்தான் என்பதால் இது அருமையான ஏற்பாடு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி இருக்கிறது. பிடிபட்டோ தொடப்பட்டோ வெளியே போனவர் தானாக உள்ளே வர முடியாது. அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் சரி, அணியே ஆல் அவுட் ஆனாலொழிய, தன் அணியில் இன்னொருவர் எதிரணி ஆளை வெளியேற்றினால்தான் வரலாம். அதுவும் வெளியே போன வரிசைப்படி. போனஸ் புள்ளி எடுத்தால் ஆள் உள்ளே வருவதில்லை. யாராவது ஒருவர் துணிந்து தொட்டாக வேண்டும், அல்லது பிடித்தாக வேண்டும்.

இதை இளம் கேப்டன்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். அதிகம் ரெய்டு போகிறவர் அதிகம் பிடிபடுவார். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் சில நிமிடங்கள் கேப்டன் வெளியே உட்கார்ந்திருப்பது உறுதி. அந்த நிமிடங்களில் அவரை மீட்டு உள்ளே கொண்டுவர வேண்டியவர், இதுவரை ரெய்டு போக வாய்ப்பே கொடுக்கப்படாத பையன். பயிற்சியிலும் ஆட்டத்திலும் அவனுக்கு அடுப்பே கொடுக்காமல், நெருக்கடியில் மட்டும் அவன் சமைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி நியாயமாகும்? களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது ரெய்டரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி. பலம் குறைந்த நேரத்தில் துணிகிறவர்களுக்கு ஆட்டமே கூடுதல் கூலி கொடுக்கிறது. அந்தத் துணிச்சலை முன்கூட்டியே வளர்த்து வைப்பதுதான் கேப்டனின் வேலை.

தலைமைச் சமையல்காரர் படுத்துவிட்டால்?

2022-ல் புரோ கபடியின் ஒன்பதாவது சீசன் தொடங்கும்போது தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்துக் கேப்டனாக்கியிருந்தது. அதுவரை புரோ கபடி ஏலத்தில் யாருக்கும் கொடுக்கப்படாத விலை. அணியின் திட்டம் முழுக்க அவரைச் சுற்றித்தான். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுவதும் அவர் ஆட முடியாமல் போனது.

பந்திக்கு முந்தின இரவு தலைமைச் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்ட கதைதான். கேப்டன் பொறுப்பு சாகர் ராத்தி என்ற இளம் வலது கார்னரிடம் வந்தது. அவர் தடுப்பாட்டக்காரர். பவன் எடுத்த ரெய்டு புள்ளிகளை அவரால் எடுக்க முடியாது, எடுக்க முயலவும் இல்லை. ரெய்டு வேலை நரேந்தர் கண்டோலாவிடம் போனது. அது அவருடைய முதல் சீசன். 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அஜிங்கியா பவார் துணை நின்றார். இடது கார்னரை சாஹில் குலியா பார்த்துக்கொண்டார். நடுவில் பயிற்சியாளரும் மாறி அஷன் குமார் வந்தார். 2017-ல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒருமுறைகூட பிளே ஆஃபை எட்டாத அணி, அந்த சீசனில் உ.பி. யோதாஸை டை பிரேக்கரில் வென்று முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த சீசனில் சாகர் கேப்டனாகவும் அஜிங்கியா பவார், சாஹில் குலியா இருவரும் துணைக் கேப்டன்களாகவும் அறிவிக்கப்பட்டார்கள். அந்த சீசனில் பிளே ஆஃப் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொறுப்பைப் பிரித்தால் வெற்றி நிச்சயம் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் பிரித்து வைத்த அணி, ஒரு முழங்கால் காயத்தோடு முடிந்துபோவதில்லை.

திருச்சென்னம்பூண்டி அண்ணன்

இந்தப் பாடத்துக்கு ஆள் தேடி நாம் வெளியே போகவே வேண்டாம். தஞ்சாவூர் மாவட்டம் திருச்சென்னம்பூண்டிக்காரர் தர்மராஜ் சேரலாதன். பிறந்தது 1975-ல். கார்னரில் நின்று பிடிப்பவர். புரோ கபடியில் எந்த மாநிலத்து ஆட்டக்காரரும் அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள்.

2016-ல் நான்காவது சீசனில் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு அவர் கேப்டன். வயது 41. அணியின் முதன்மை ரெய்டர் பர்தீப் நர்வாலுக்கு 19. கேப்டன் தடுப்பைப் பார்த்துக்கொண்டார், புள்ளி எடுக்கும் பெரும் பொறுப்பு தம்பியின் தோளில் இருந்தது. இறுதியாட்டத்தில் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸை 37-29 என்று வென்று பாட்னா கோப்பையை எடுத்தது. தன்னைவிட இருபது வயதுக்கு மேல் இளையவரின் கையில் அணியின் தலையெழுத்தை விட்டுவைக்க ஒரு கேப்டனுக்குப் பெரிய மனசு வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் அகமதாபாதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் சேரலாதன் இருந்தார். அந்த அணியின் கேப்டன் அனூப் குமார், புகழ்பெற்ற ரெய்டர். ஈரானுக்கு எதிரான இறுதியாட்டத்தில் இடைவேளையின்போது இந்தியா 13-18 என்று பின்தங்கியிருந்தது. கேப்டன் எல்லா ரெய்டையும் தானே போய் மீட்கப் பார்க்கவில்லை. அஜய் தாக்கூர் போனார், அந்த ஆட்டத்தில் 12 புள்ளி எடுத்தார். 38-29 என்று கோப்பை இந்தியாவுக்கு வந்தது.

மூத்தவரிடம் எப்படிச் சொல்வது?

டெல்டா ஊர் அணிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கேப்டனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், கவரில் நிற்கும் அண்ணனுக்கு இருபத்தெட்டு. இவன் சைக்கிள் ஓட்டப் பழகிய காலத்தில் அவர் மாவட்ட அணிக்கு ஆடியவராக இருப்பார். அவருக்குக் கட்டளையிட நாக்கு வராது. அதனால் இளம் கேப்டன் இரண்டு தவறான வழிகளில் ஒன்றை எடுக்கிறான்: ஒன்றுமே சொல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்வது, அல்லது அதிகாரத்தைக் காட்டக் கத்துவது.

மூன்றாவது வழி சமையற்கட்டில் தினமும் நடக்கிறது. தலைமைச் சமையல்காரர் இளையவராக இருக்கும் கட்டுகளில், மூத்தவரைக் கட்டளையால் நகர்த்துவதில்லை, பொறுப்பைக் கொடுத்துத்தான் நகர்த்துவார்கள். "அண்ணே, சோத்தை நீங்க பாத்துக்கங்க, நீங்க சொன்னாத்தான் வடிக்கணும்" என்றால் போதும். களத்திலும் "அண்ணே, பிடி எல்லாம் உங்க கையில, நீங்க சொன்னா நாங்க பாயறோம்" என்று சொல்லிப் பார்க்கட்டும். அந்த அண்ணன் பத்து மடங்கு ஆடுவார். "நீ ரெய்டைப் பாரு தம்பி, பின்னாடி நான் இருக்கேன்" என்ற பதில் வரும்போது அதைப் பெருமைக் குறைவாக எடுத்துக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

கேப்டனுக்குத் தவறு நேர்ந்தால் அதையும் மூத்தவர் சொல்ல இடம் வேண்டும். ஆட்டத்தின் நடுவில் வேண்டாம், இடைவேளையின் ஐந்து நிமிடத்தில் சொல்லட்டும். முதல் கேள்வியைக் கேப்டனே கேட்டுவிட்டால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும்: "நான் எந்த இடத்துல மாட்டுறேன்?"

ஒப்புமை எங்கே நின்றுவிடுகிறது

சமையற்கட்டுக்கும் களத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சமையற்கட்டில் எதிரணி கிடையாது. ரசத்தைக் கொட்டிக் கவிழ்க்க யாரும் வரிசையில் காத்திருப்பதில்லை. களத்தில் உங்கள் ஏற்பாட்டைக் குலைப்பதற்கென்றே ஏழு பேர் நிற்கிறார்கள். அதனால் போட்ட திட்டத்தை ஆட்டத்தின் நடுவே மாற்றும் அதிகாரமும் கேப்டனுக்கு வேண்டும். மாற்றும்போதும் முறை ஒன்றுதான்: யாரிடமிருந்து எந்தப் பொறுப்பு யாருக்குப் போகிறது என்பதை டைம் அவுட்டில் பெயர் சொல்லி மாற்ற வேண்டும். சைகையிலும் முறைப்பிலும் மாற்றினால் உப்பு மறுபடி இரண்டு கைக்குப் போகும்.

அடுத்த ஆட்டத்துக்கு முன்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆண்கள் கபடி அணி ஈரானை 35-32 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் மோகன்தாஸ் இருந்தார். தங்கம் வென்ற பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நம் ஊர் மண் களங்களிலிருந்து இந்திய பனியன் வரை போகும் வழி திறந்துதான் இருக்கிறது. அந்த வழியில் போகும் பிள்ளைகள், உடல் திறமையோடு அணியாக வேலை செய்யும் பழக்கத்தையும் ஊரிலேயே கற்றுக்கொண்டு போக வேண்டும்.

ஆகவே இந்தக் கட்டுரையை வாசிக்கும் இளம் கேப்டன்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள், ஊர் அணி அண்ணன்கள் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆட்டத்துக்கு முன் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்.

ஒன்று: தடுப்பில் பாய்வதை முடிவு செய்பவர் யார் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டு: கேப்டன் வெளியே போனால் அடுத்த இரண்டு ரெய்டும் யார் யார் போவது என்று பெயர் சொல்லுங்கள்.

மூன்று: டைம் அவுட் கேட்க இன்னொருவருக்கும் உரிமை கொடுங்கள். அவர் கேட்டால் கோபப்படாதீர்கள்.

நான்கு: வாரத்தில் ஒரு நாள், கேப்டன் வெளியே உட்கார்ந்திருக்க மற்றவர்கள் பத்து நிமிடம் பயிற்சி ஆட்டம் ஆடட்டும். கேப்டன் வாயைத் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் அணி தடுமாறினால் எந்த இடத்தில் ஆள் தயாராகவில்லை என்று தெரிந்துவிடும். தடுமாறாமல் ஆடினால் அந்தக் கேப்டன் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள்.